மூடிய புகைக்கூட்டில் நான் வைத்த அடுப்பு

என் அன்பு மகனே,

இத்தால் சகலருக்கும், விசேடமாக உனக்கு, பணிவன்புடன் அறியத்தருவது யாதெனில்: இன்று காலை எட்டு மணியளவில், கிணற்றடிக் கமுகில் மாட்டியிருக்கும் உடைந்த கண்ணாடியில், இரண்டு காகங்களும் ஓர் ஆடும் சாட்சியாக நிற்க, எனது மேலுதட்டின் இடப்பக்கத்தில் ஏழாவது மயிர் முளைத்திருப்பது உறுதிசெய்யப்பட்டது. வலப்பக்கத்தில் ஏற்கெனவே நான்கு. ஆக மொத்தம் பதினொன்று, ஒரு கிரிக்கெட் அணிக்குப் போதும். வயது போகிறது, மகனே. எனக்குப் பதினேழு நடக்கிறது. முதுமை படலையைத் தட்டுவதால், ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லவேண்டிய புத்திமதிகளை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பதை நான் ரியூசன் வகுப்பில் ஓரளவு தீர்மானித்துவிட்டேன். அவளுக்குத்தான் இன்னும் அறிவிக்கவில்லை. நீ வளர்ந்து, வேலைக்குப் போய், உன் அப்பா ஒரு மொக்கன் என்று நினைக்கத் தொடங்கும் வயதில் இதை வாசி. இது ஒரு திறந்த கடிதம். கொள்கை காரணமாக அல்ல. உறையை ஒட்டுவதற்குப் பசை காய்ச்சக் கோதுமை மா வேண்டும். மா இருந்தால் அம்மா ரொட்டி சுட்டுவிடுவார்.

முதலாவது புத்திமதி: எதைச் செய்தாலும் செய், வீட்டுக்குள் அடுப்பு வைக்காதே. வைத்தாலும் அதைப் பற்றிப் பெருமை பேசாதே. நான் இரண்டையும் செய்தேன். இணுவிலில் எங்கள் வீட்டுக் குசினியில், பத்து வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த புகைக்கூட்டுக்குள் என் கையால் ஓர் அடுப்பைப் பொருத்தினேன். அந்த அடுப்பால் என் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, இந்த வீட்டில் தனக்கிருந்த இடத்தை இழந்தார். இப்போது வன்னியில், உருத்திரபுரத்தில், இனி மிதிக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்த ஒரு வீட்டில் இருக்கிறார். அவர் திரும்பி வருவாரா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விசயம். இடையிடையே என் புகழும் வரும். பொறுத்துக்கொள்.

எங்கள் வீட்டைக் கட்டியவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஒரு பென்சன்காரர். அங்கே துரைமார் வீடுகளில் கண்டதையெல்லாம் இங்கே கட்டிப் பார்த்திருக்கிறார். அதனால்தான் எங்கள் குசினிச் சுவரில் ஒரு முழம் முன்தள்ளி நிற்கும் புகைக்கூடும், அதன் அடியில் ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு குழியும், கூரைக்கு மேலே சின்னதாக ஒரு கோபுரமும் இருக்கின்றன. நான் குழந்தையாக இருந்தபோது கொழும்பிலிருந்து காஸ் அடுப்பு வந்ததாம். புது அடுப்பின் மேல் கரி கொட்டக்கூடாது என்று அம்மா சொல்ல, அப்பா மேசனைப் பிடித்து, கூட்டின் உச்சியில் சீமெந்துப் பலகை வைத்து, அடிக்குழியைக் கல் அடுக்கிப் பூசி, வெள்ளை அடித்து, கலண்டரும் மாட்டிவிட்டார். பிறகு சண்டை வந்தது. பாதை மூடியது. காஸ் போனது, மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் மருந்துப் போத்தலில் அளந்து விற்கும் சாமானாகியது. காஸ் அடுப்பில் இப்போது கோழி அடைகாக்கிறது. சமையல் பின்வளவுக் கிடுகுக் கொட்டிலுக்குப் போனது. போன மாரியில் கொட்டிலும் படுத்துவிட்டது. ஈர விறகை எரித்தால் வரும் புகையைக் கண்டு குண்டுபோடும் பொம்மர் வந்துவிடுமென்று அம்மாவுக்குப் பயம். "குண்டு விழுந்து செத்தாலும் பரவாயில்லை. உவளின்ரை குசினிப் புகையைப் பாத்துத்தான் போட்டவன் எண்டு ஊர் கதைக்கப்படாது" என்பார்.

இந்த இடத்தில்தான் உன் தகப்பன் அரங்குக்கு வருகிறான். மரம் அரியும் காலையில் மரத்தூள் சும்மா கொட்டிக் கிடந்தது. அதை ஒரு தகர வாளியில் இறுக்கி அடைத்தால் விறகில்லாமல் சமைக்கலாம் என்பது ஊரெல்லாம் அறிந்த வித்தை. வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு துளை. அதற்குள் ஒரு போத்தலைப் படுக்க வைத்து, நடுவில் இன்னொரு போத்தலை நிமிர்த்தி வைத்து, சுற்றிவரத் தூளைப் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். போத்தல்களைத் திருகி இழுத்தால் தூளுக்குள் ஒரு குகை மிஞ்சும். அடியில் கொளுத்திவிட்டால் சுவாலை இல்லை, புகை இல்லை. ஐந்து மணித்தியாலம் தணலாகக் கனன்றுகொண்டே இருக்கும். மற்றவர்கள் இதை முற்றத்தில் வைத்தார்கள். நான் மற்றவர்களைப் போலவா? கலண்டரைக் கழற்றினேன், அலவாங்கால் கல்லை இடித்தேன், பழைய கரியும் அணில் கூடும் தலையில் கொட்டக் கொட்டப் புகைக்கூட்டுக் குழியைத் திறந்தேன். குழிக்குள் வாளியைப் பதித்து, சுற்றிவரக் களிமண் பூசி, முன்பக்கத்துக்குத் தார்ப் பீப்பாத் தகட்டை வெட்டிச் சுவரோடு மட்டமாகப் பொருத்தினேன். தகட்டில் ஆணியால் என் பெயரையும் கீறினேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு புகையாத பொருள் என்று ஒன்று இருந்ததில்லை, மனிதர்களும் சேர்த்தித்தான்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உச்சியிலை வைச்ச பலகையை எடுக்க வேண்டாமோடா?"

"புகையே வராத அடுப்புக்குப் புகைக்கூடு எதுக்கப்பா? நீங்கள் சீப்பு வாங்கிறமாதிரி" என்றேன். அப்பாவின் தலையில் மயிர் குறைவு.

மாமி ஒரு மூலையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அப்ப உன்ரை நெருப்பு மூச்சை எங்கையடா விடும்? என்ரை மூக்குக்குள்ளையோ?"

"உங்கடை மூக்கிலை இடம் இருக்குத்தானே மாமி. மூக்குத்தி கழட்டின ஓட்டை சும்மா கிடக்கு."

மாமா செத்து எட்டு வருடம். ஆறாம் மாதமே மாமாவின் தம்பி குடும்பம் மாமியை உருத்திரபுரத்திலிருந்து ஒரு சூட்கேசோடு வெளியே விட்டது. அன்று தொடங்கி எங்கள் வீட்டுச் சமையல் அவருடையது. நான் சொன்னதைக் கேட்டு அம்மா "டேய்" என்றார், ஆனால் சிரிப்பைக் கன்னக் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டு. மாமி முருங்கையிலையைத் தொடர்ந்து உருவினார்.

அடுப்பு எரியத் தொடங்கியதும் இன்னொன்று கண்டுபிடித்தேன். யன்னல் திறந்திருந்தால் காற்றுப் பட்டுத் தூள் மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது, பூட்டியிருந்தால் ஐந்து. உடனே சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கியது: "யன்னல் திறப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். ஒப்பம், அடுப்பு அத்தியட்சகர்." மாமி அத்தியட்சகரை மதிக்கவில்லை. நாளுக்கு இரண்டு தரம் திறந்தார். "மூச்சு முட்டுது தம்பி" என்றார். மூன்றாம் நாள் நான் சுத்தியலை எடுத்து இரண்டு யன்னலுக்கும் ஆணி அடித்தேன். தூவானம் அடிக்காமல் நல்லதாய்ப் போனது என்று அம்மாவும் சொன்னார். பின்கதவு மழைக்காக எப்போதும் சாத்தியே கிடந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவார், அப்பா சங்கக்கடைக்குப் போவார், நான் படிப்பதுபோல் நடிக்கப் போவேன். நாள் முழுவதும் அந்த அடுப்போடு இருந்தவர் மாமி மட்டும்.

இரண்டாம் கிழமை அவருக்குத் தலையிடி தொடங்கியது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தார். நான் அவருக்குத் 'தலையிடி மாமி' என்று பெயர் வைத்தேன். மாமிக்குத் தலையிடியா, மாமியே தலையிடியா என்று ஒழுங்கைப் பெடியங்களைக் கூட்டிப் பட்டிமன்றமும் நடத்தினேன். இரண்டாவது கட்சி வென்றது. பிறகு மறதி வந்தது. ஒரு குழம்புக்கு மூன்று தரம் உப்புப் போட்டார். தேத்தண்ணிக்குள் புளியைக் கரைத்தார். குந்தியிருந்தபடியே நித்திரையானார். எழும்பினால் சுவரைப் பிடித்து நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கும் கொஞ்சம் தலை பாரித்தது. அது மாமியின் சமையல் என்று முடிவுகட்டினோம். ஆனால் கிணற்றடிக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்தால் அவருக்கு எல்லாம் தெளிந்துவிடும். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மனுசியோடு முறையாகக் கதைப்பார். இதை முதலில் கவனித்தவன் நான்தான். "பாத்தியளே அப்பா, வேலை இருக்கிற இடத்திலை வருத்தம், வேலை இல்லாத இடத்திலை சுகம்" என்றேன். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். கவனி, மகனே. விடை என் உள்ளங்கையில் இருந்தது. நான் அதை வைத்துப் பகிடி விட்டேன்.

ஒழுங்கை முடக்கில் துவாயைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு மாமியாக நடித்துக் காட்டுவது என் பின்னேர உத்தியோகம். சுவரைத் தடவுவேன், சொண்டைத் தொங்கவிடுவேன், உப்பு என்று நினைத்து மண்ணை அள்ளிச் சட்டிக்குள் போடுவேன். ஒருநாள் பெடியங்கள் திடீரென்று சிரிப்பதை நிறுத்தினார்கள். திரும்பினால் மாமி. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "நடை சரி" என்றார். "ஆனா நான் இடக்கையாலை எல்லோ சுவரைப் பிடிக்கிறனான்." அப்படியே திரும்பி வீட்டுக்குள் போனார், சுவரை இடக்கையால் பிடித்துக்கொண்டு. நான் அடுத்த நாளிலிருந்து கையை மாற்றினேன். கலைஞன் என்றால் விமர்சனத்தை ஏற்கவேண்டும்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பியபோது வீடு முழுக்கச் சோறு கருகிய மணம். மாமி அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். முகம் கலியாணப் பொம்பிளையின் முகம்போலச் சிவந்திருந்தது. தார்ப் பீப்பாத் தகட்டைப் பார்த்து, "இஞ்சருங்கோ, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு போடுறன்" என்று மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவை விறாந்தைக்கு இழுத்து வந்தார். "மச்சாளுக்கு அறளை பெயர்ந்திட்டுதப்பா. நாளைக்கு வீட்டைக் கொளுத்திப்போடுவா." கூடப்பிறந்தவள் அல்லவா, அப்பா யோசித்தார். அந்த யோசனையை முடித்து வைத்தவன் நான். "உருத்திரபுரத்திலை மாமான்ரை ஆக்கள் சும்மாதானே இருக்கினம். அவைக்கும் கொஞ்சம் தலையிடி குடுப்பம்" என்றேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவரால் யோசிக்க முடியவில்லை. பெரியவர்களைச் சிரிக்கவைத்தால் எதையும் செய்விக்கலாம். இதை ஒரு புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்.

கிளாலிக் கடலேரியால் வள்ளமேறி வன்னிக்குப் போய்வரும் ஒரு வியாபாரியோடு மாமியை அனுப்பினோம். அம்மா இரண்டு சேலை மடித்துக் கொடுத்தார். மாமி படலையில் நின்று அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, அந்த வீட்டு முத்தம் இனி மிதிக்கமாட்டன் எண்டு சொல்லித்தானே உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

அப்பா குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தார். செயினில் ஒரு கோளாறும் இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தானே அக்கா. சுகம் வந்தவுடனை நானே வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"எனக்கு என்ன வருத்தம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"என்ன வருத்தம் மாமி?" என்று நான் கேட்டேன், ஒரு சிரிப்புக்காக.

"உன்ரை யன்னல்" என்றார்.

அன்று பின்னேரம் அதையும் நாடகத்தில் சேர்த்தேன். நல்ல வரவேற்பு.

மார்கழி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியது. அதுவரை காலையில் அவசரமாக ஒரு சோறு மட்டும் வடித்த அம்மா குசினியை நாள் முழுவதும் கையேற்றார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் தலையிடி. மூன்றாம் நாள் பருப்புக்குச் சீனி போட்டார். நாலாம் நாள் மத்தியானம் பொத்தென்று ஒரு சத்தம். நான் ஓடினேன். அம்மா அடுப்படியில் குப்புறக் கிடந்தார். இங்கேதான் உன் தகப்பனின் பொற்காலம் தொடங்குகிறது, ஆறுதலாக வாசி. கக்கத்தில் கைபோட்டு அம்மாவை முற்றத்துக்கு இழுத்தேன். அலவாங்கால் யன்னல் ஆணிகளைப் பிடுங்கினேன். ஈரச் சாக்கால் வாளியைப் பிடித்து, களிமண்ணோடு பெயர்த்துத் தூக்கி மழைக்குள் எறிந்தேன். அப்பாவும் நானும் பக்கத்து வீட்டுக்காரரின் உழவு மெசினில் அம்மாவை ஏற்றி மானிப்பாயில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம். "என்ன நடந்தது?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். பதில் என்னிடமிருந்து வந்தது. "காபனோரொட்சைட்டு, டொக்டர். நிறமில்லை, மணமில்லை. பூட்டின இடத்திலை தணல் கனன்றால் வரும். இரத்தத்திலை ஒட்சிசனுக்கு இருக்கிற இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும்." டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னேரம் தெளிந்தது. "தாயைக் காப்பாத்தினது உம்மடை மோன்தான்" என்று டொக்டர் சொல்ல, அப்பா என் தோளில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டு அதற்கு முன் ஆறேழு வருடம் இருக்கும், அடித்ததைக் கணக்கெடுக்காவிட்டால்.

அதன் பிறகு இணுவிலில் நான் ஒரு விஞ்ஞானி. "உவன்தான் நஞ்சுக் காத்தைக் கண்டுபிடிச்சவன்" என்று கோயில் வீதியில் காட்டினார்கள். அடுப்புப் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். நான் சைக்கிளில் போய், குனிந்து, புருவத்தைச் சுருக்கி, "யன்னலைத் திறவுங்கோ, அடுப்பை முத்தத்திலை வையுங்கோ" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். ரியூசனில் உன் வருங்கால அம்மா ஒருநாள் திரும்பிப் பார்த்தாள். எப்படியடா தெரிந்தது என்று எவர் கேட்டாலும், "படிச்சனான்" என்று ஒரே ஒரு சொல். அடக்கம் எனக்குப் பொருந்தியது.

வீட்டில் மட்டும் ஒன்று சரியாகவில்லை. டொக்டரிடமிருந்து வந்த அன்றே அப்பா விறாந்தையில் இருந்தபடி, "அப்ப அக்காவுக்கு விசரில்லை" என்றார். "போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார் அம்மா. "எந்த முகத்தோடை போறது? அவ எங்களிலை கோபத்திலை இருப்பா. வர விருப்பமெண்டால் ஒரு கடிதம் எழுதியிருப்பாதானே." இதை அவர் அன்று சொன்னார். அடுத்த நாள் சொன்னார். இப்போது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்கிறார். அம்மாவும், எழுதியிருப்பாதான் என்று ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்.

மாமி எழுதியிருக்கிறார்.

அம்மா விழுவதற்கு இரண்டு நாளுக்கு முன்பு அந்த வியாபாரி படலையில் வைத்துக் கடிதத்தை என்னிடம் தந்தார். அப்பாவுக்கு வந்த கடிதம். மாமியின் எழுத்தைப் பார்த்து நாடகத்துக்கு நாலு வசனம் எடுக்கலாம் என்று உடைத்தேன். அதில் இப்படி இருந்தது: "தம்பி, இஞ்சை வந்து மூண்டாம் நாளே தலையிடி விட்டிட்டுது. இப்ப மறதியும் இல்லை. யோசிச்சுப் பாத்தன், எல்லாம் அந்த அடுப்பு வைச்ச நாளிலையிருந்துதான். அது புகை விடாட்டிலும் என்னவோ ஒண்டை விடுது. மச்சாளை அதுக்குப் பக்கத்திலை இருக்க விடாதை, யன்னல் ஆணியைக் கழட்டு. பெடியனை ஏசாதை, அவனுக்குத் தெரியாது. சுகம் வந்தால் கூட்டிக்கொண்டு போறன் எண்டனி. சுகம் வந்திட்டுது. இஞ்சை எனக்குப் பாய் மாட்டுக் கொட்டில் பக்கம். வருவியோ எண்டு இந்த ஆளிட்டைச் சொல்லிவிடு."

வாசித்துவிட்டு இரசாயனப் புத்தகத்தைப் புரட்டினேன். அரைமணித்தியாலத்தில் அந்தப் பக்கம் அகப்பட்டது. அதுதான் என் ஆராய்ச்சி முழுவதும். உடனே ஆணியைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். தகட்டில் என் பெயர் இருந்தது. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று நினைத்தேன். அம்மா பருப்புக்குச் சீனி போட்டபோதும் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். அம்மாவை நான் காப்பாற்றினேன் என்பது உண்மை. இரண்டு நாள் பிந்திக் காப்பாற்றினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மா விழுந்த மறுநாள் வியாபாரி திரும்ப வன்னிக்குப் போகும் வழியில் படலையில் சைக்கிள் மணி அடித்தார். "உம்மடை மாமிக்கு என்ன மறுமொழி எண்டு அப்பாவைக் கேட்டுச் சொல்லும் தம்பி" என்றார். வீட்டுக்குள் அப்பா ஆட்களுக்கு என் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் காட்டினால் கண்டுபிடித்தது மாமி என்று தெரிந்துவிடும். நான் உள்ளே போகவில்லை. வேலிக்கு மறைவில் நூறு எண்ணிவிட்டு வந்து, "பிறகு பாப்பம் எண்டு சொன்னவர்" என்றேன். மனுசன் தலையாட்டிவிட்டுப் போனார். மாமிக்கு அந்த மறுமொழிதான் போயிருக்கும். அதன் பிறகு அவர் எழுதவில்லை. நானென்றாலும் எழுதமாட்டேன்.

உனக்கு எழுதுவது சுகம், மகனே. நீ இன்னும் இல்லை, ஏசமாட்டாய். அப்பா இருக்கிறார், பத்தடி தூரத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டு. இப்போதுதான் மறுபடி, "எழுதியிருப்பாதானே" என்றார். கொப்பிக்குள்ளிருந்து மாமியின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். எழும்பி நாலு எட்டு வைத்தால் கொடுத்துவிடலாம். புகழை நினைத்தல்ல, அவர் என் தோளில் வைத்த கையை நினைத்துத்தான் கால் எழும்பமாட்டேன் என்கிறது. "என்னடா இவ்வளவு நேரமா எழுதிறாய்?" என்று கேட்கிறார்.

"இரசாயனம் அப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

"படி ராசா" என்கிறார்.